பச்சைப் பிள்ளையைத் துணியில் தூக்குவது: கேரியர் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கையில் இருக்கும்வரை தூங்கும்; பாயில் கிடத்திய அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்துவிடும். பிறந்த முதல் மூன்று மாதம் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். தோள்பட்டை இற்றுப்போகும், ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கை கிடைக்காது. அப்போதுதான் யாராவது 'பேபி கேரியர் வாங்கிக்கோ' என்பார்கள். தேடினால் ராப், ஸ்லிங், பக்கிள், ஹிப் சீட் என்று ஏகப்பட்ட வகை. எல்லாப் பெட்டியிலும் சிரிக்கிற குழந்தையின் படம் இருக்கும். எது நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று மட்டும் தெரியாது.

என் மகன் பிறந்தபோது 2.6 கிலோ. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விலை கூடிய பக்கிள் கேரியர் ஒன்றை, அதாவது தோளிலும் இடுப்பிலும் பட்டை போட்டுக் கொக்கியால் பூட்டும் வகையை, கொடுத்திருந்தார். பதினைந்தாம் நாள் ஆசையாக அதில் அவனை வைத்தேன். கிணற்றில் இறங்கிய மாதிரி உள்ளே போய்விட்டான். மேலிருந்து பார்த்தால் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து "மொதல்ல வெளிய எடு" என்றார். எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் உள்பக்கத்து லேபிளைப் படித்தேன். குறைந்தபட்ச எடை 3.2 கிலோ என்று போட்டிருந்தது. கேரியரில் குறை ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவனுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டாவதாக மகள் பிறப்பதற்குள் இதைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். முதல் பிள்ளைக்குக் கேரியர் தேடுகிறவர்களுக்காக அதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் துணி இல்லாமல் தூக்கிப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன், ஏப்பம் விடத் தூக்குவதுபோலப் பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். ஒரு கை புட்டத்தின் அடியில் ஏந்தியிருக்கும். இன்னொன்று முதுகிலிருந்து பிடரி வரை விரிந்திருக்கும். பிள்ளையின் தலை உங்கள் முகவாய்க்குச் சற்றுக் கீழே, குனிந்தால் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்கும். கால்களை அதுவே தவளைபோல மடக்கிக்கொள்ளும். முழங்கால் புட்டத்தைவிட உயரமாக நிற்கும். முகம் ஒரு பக்கம் திரும்பி, கன்னம் உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும்.

நல்ல கேரியர் இந்த இரண்டு கைகளின் வேலையைத்தான் செய்கிறது. பிள்ளையை உள்ளே வைத்து, உங்கள் கையை எடுத்த பிறகும் அது இதே உயரத்தில், இதே நிலையில் இருந்தால் அந்தக் கேரியர் பொருந்துகிறது. சரிந்தால், மூழ்கினால், கால் தொங்கினால் பொருந்தவில்லை. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முகவாயும் நெஞ்சும்

இந்த இடத்தில் அவசரப்படாமல் படியுங்கள். பச்சைப் பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்துத் தசைக்கு இன்னும் பலமில்லை. மூச்சுக்குழாய் ஒடுக்கமாக, மெத்தென்று இருக்கும். முகவாய் நெஞ்சில் படிந்துவிட்டால், தோட்டத்து ரப்பர் குழாய் மடிந்ததும் தண்ணீர் நிற்பதுபோல மூச்சின் வழி அடைபடும். அப்போது பிள்ளை அழாது, திமிறாது. தூங்குவதுபோலவே இருக்கும். மூக்கும் வாயும் துணியிலோ நம் உடம்பிலோ அழுந்திவிட்டால், ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மூச்சு நின்றுபோகலாம்.

2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் (ஒரு தோளில் மாட்டிப் பிள்ளையைத் தூக்கும் துணி) பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புடைய 14 குழந்தை இறப்புகளாவது தெரியவந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் 4 மாதத்துக்கும் குறைந்தவை. அதே மாதம், பை போன்ற ஒரு வகை ஸ்லிங் சுமார் 10 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகையில் பிள்ளை அம்மாவின் வயிற்றுப் பக்கம், ஆழமான பைக்குள், ஆங்கில 'சி' எழுத்துபோல வளைந்து படுத்திருக்கும். இன்றும் அதேபோல எலாஸ்டிக் வைத்துத் தைத்த பைகள் இணையக் கடைகளில் கண்ணில் படுகின்றன. விலை குறைவு, பார்க்கத் தொட்டில் மாதிரி அழகு. பச்சைப் பிள்ளைக்கு அதை வாங்கவே வேண்டாம்.

பிரிட்டனில் கேரியர் துறையினர் சேர்ந்து, எளிதில் நினைவில் வைக்க ஐந்து விதிகளை வகுத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிக்ஸ்' என்பார்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். முத்தம் கொடுக்கிற தூரத்தில் தலை இருக்க வேண்டும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைய வேண்டும். முதுகு தாங்கப்பட வேண்டும். துணி இல்லாமல் தூக்கியபோது உங்கள் கைகள் செய்ததும் இந்த ஐந்தைத்தான்.

என் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) இருந்த பயம் வேறு. "ஏங் கண்ணு, கழுத்து நிக்காத புள்ளைய நிமித்திக் கட்டுனா உரம் விழுந்துராதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். துணி தளர்ந்திருந்தால் தலை ஆடும், அவர் பயந்தது நடக்கும். துணி பிடரி வரை வந்து, முதுகோடு இறுகியிருந்தால் தலை ஆட இடமே இல்லை. ஒருநாள் அவர் கையையே எடுத்துத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அதன்பிறகு துணி கொஞ்சம் தளர்ந்தாலும் முதலில் சொல்பவர் அவராகிவிட்டார்.

இடுப்பு மூட்டுக்காக ஒரு வார்த்தை

பிறந்த பிள்ளையின் இடுப்புக் கிண்ணத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு. தொடை எலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்து வளர வேண்டுமானால் கால்கள் மடங்கி, இரு பக்கமும் அகன்று இருக்க வேண்டும். கால்களை நேராக நீட்டி, சேர்த்துக் கட்டினால் மூட்டு நழுவும் வாய்ப்பு கூடும். துணியில் பொட்டலம்போலச் சுற்றித் தூங்கவைக்கும்போதும் இது பொருந்தும். கையைச் சுற்றலாம், காலுக்கு மடங்க இடம் விட வேண்டும்.

கேரியரில் இதைப் பார்ப்பது எளிது. துணி ஒரு முழங்காலின் உள்மடிப்பிலிருந்து மற்றதன் உள்மடிப்பு வரை விரிந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் கால்கள் ஆங்கில 'எம்' எழுத்துபோலத் தெரியும். தொடை நடுவில் குறுகிய பட்டை மட்டும் போய், கால் இரண்டும் தொங்கினால் பிள்ளைக்கு அது வசதியாக இருக்காது. பிரசவத்துக்கு முன் புட்டம் கீழாக இருந்த பிள்ளை, பெண் குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இடுப்பு மூட்டுக் குறை இருந்த பிள்ளை என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை மருத்துவரிடம் இடுப்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடையைப் பார்த்து வாங்குங்கள், மாதத்தைப் பார்த்து வேண்டாம்

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இரண்டரை, மூன்று கிலோவில் பிறக்கிறார்கள். வெளிநாட்டு பக்கிள் கேரியர்கள் பலவற்றின் கீழ் எல்லை 3.2 கிலோவோ அதற்கு மேலோதான். 'பிறந்த நாளிலிருந்து' என்று பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தாலும், லேபிளில் உள்ள கிலோ கணக்குதான் உண்மையான விதி. ஆகவே பிரசவத்துக்கு முன்பே பக்கிள் கேரியர் வாங்கி வைக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறக்கட்டும், எடை தெரியட்டும். வளைகாப்புப் பரிசாக யாராவது கொடுத்தால் பத்திரமாக வையுங்கள், பின்னால் உதவும்.

2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை, மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, சளியோ மூச்சிரைப்போ இருக்கும் பிள்ளை என்றால் எந்தக் கேரியருக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எடை குறைந்த பிள்ளைக்குத்தான் அம்மாவின் நெஞ்சு இன்னும் அதிகம் தேவை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், டாக்டர் எட்கர் ரேய் சனாப்ரியா தொடங்கிவைத்ததுதான் கங்காரு பராமரிப்பு. டயபரும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையை அம்மாவின் வெறும் நெஞ்சில் வைத்துத் துணியால் அணைத்துக் கட்டுவது அந்த முறை. நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் செவிலியர்கள் இதைச் சொல்லித்தருகிறார்கள், 'கே.எம்.சி.' (கங்காரு மதர் கேர்) என்று கேட்டால் தெரியும். ஆனால் அங்கே கட்டும் துணி வேறு, கடையில் வாங்கும் கேரியர் வேறு. எந்த எடையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை?

முதல் மூன்று நான்கு மாதத்துக்கு என் பார்வையில் இரண்டுதான் முன்னால் நிற்கின்றன: ஸ்ட்ரெட்சி ராப், ரிங் ஸ்லிங்.

ஸ்ட்ரெட்சி ராப் என்பது சுமார் 5 மீட்டர் நீளம், அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் அகலம் கொண்ட ஒரே துணி. திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: பனியன் துணி. கொஞ்சம் இழுபடும், உடம்போடு ஒட்டும். காலையில் ஒருமுறை கட்டிக்கொண்டால் பிள்ளையை எடுக்கலாம், வைக்கலாம். ஒவ்வொரு முறையும் அவிழ்க்க வேண்டாம். எடை இரண்டு தோளிலும் முதுகிலும் பரவுவதால் வலிக்காது. மெலிந்த பிள்ளைக்கும் அளவு பொருந்தும், ஏனென்றால் துணி பிள்ளையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. குறை என்றால் வெக்கை. பிள்ளையின் மேல் மூன்று அடுக்குத் துணி வரும். பிள்ளை ஆறேழு கிலோ ஆனதும் தொய்யவும் தொடங்கும். முதல் சில நாள் 5 மீட்டர் துணியைச் சுற்றத் தடுமாறுவீர்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ரிங் ஸ்லிங் என்பது நெய்த துணியின் ஒரு முனையில் இரண்டு வளையம் வைத்துத் தைத்தது. மறு முனையை வளையங்களுக்குள் விட்டு இழுத்து இறுக்க வேண்டும். ஒரு தோளில் மாட்டுவது, ஒற்றை அடுக்கு, காற்று போகும். என் மகள் சித்திரையில் பிறந்தாள். கரண்ட் போகிற மதியத்தில் ஸ்ட்ரெட்சி ராப்பை நினைத்தாலே வியர்த்தது. அவளுக்குக் கைத்தறிப் பருத்தி ரிங் ஸ்லிங்தான். பால் கொடுக்கவும் சுலபம், முந்தானை மாதிரி துணி மிச்சம் தொங்கும். ஒரே தோளில் பாரம் விழுவது இதன் குறை. ஒரு வேளை வலப்பக்கம், மறு வேளை இடப்பக்கம் என்று மாற்றிப் போடுங்கள். வளையத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒட்டு, பற்றவைப்பு எதுவும் இல்லாத, கேரியருக்கென்றே செய்த அலுமினிய அல்லது நைலான் வளையமாக இருக்க வேண்டும். ஹேண்ட்பேக்குக்கு வைக்கிற, ஒட்டு தெரியும் இரும்பு வளையம் பாரத்தில் விரியலாம்.

மற்றவை சுருக்கமாக. நீளமான நெய்த துணி ராப் ரொம்ப நாளுக்கு உழைக்கும், ஆனால் கட்டப் பழக வேண்டும். நான்கு மூலையிலும் பட்டை வைத்த 'மே தாய்' என்கிற வகை, அகலத்தைச் சுருக்கும் வசதியோடு வந்தால் பச்சைப் பிள்ளைக்கும் ஆகும். பக்கிள் கேரியர், லேபிளில் உள்ள எடை வந்த பிறகு, முழங்கால் அகலத்துக்கு இருக்கையைக் குறைக்க முடிந்தால் வாங்கலாம். ஹிப் சீட் என்கிற இடுப்புத் திண்டு, பிள்ளை தானாக உட்காரும் வரை வேண்டாம். பிள்ளையின் முகம் வெளியே பார்க்கும்படி மாட்டுவதும் கழுத்து நன்றாக நின்று, ஐந்தாறு மாதம் ஆன பிறகுதான்.

புடவையில் கட்டலாமா?

எல்லோரும் கேட்பது இது. ஆறு கஜப் புடவை சுமார் ஐந்தரை மீட்டர்; நீளம் சரிதான். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்த பெண்கள் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு வளர்த்த நாடு இது. ஊர் ஊராகச் செல்லும் நரிக்குறவப் பெண்கள் கட்டும் நேர்த்தியைப் பாருங்கள், கையே போடாமல் பிள்ளை உடம்போடு ஒட்டிக்கொண்டு வரும். அவர்கள் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியவர்கள். நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனது.

ஆகவே என் பதில்: வீட்டில் பழகியவர் இருந்து, பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால் கட்டுங்கள். கெட்டியான பருத்திப் புடவை வேண்டும். பட்டு, சிந்தெடிக், ஷிஃபான் எல்லாம் முடிச்சு வழுக்கும். தூளி கட்டி நைந்த பழைய புடவை கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இழை விட்டிருப்பது தெரியும். புடவை அகலம் ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால் மிச்சத் துணி பிள்ளையின் முகத்தில் விழாமல் மடித்துக் கட்ட வேண்டும். தனியாக, முதல் பிள்ளையோடு, யாரையும் பார்க்காமல் புடவையில் தொடங்க வேண்டாம் என்பேன்.

உங்கள் உடம்பையும் கேளுங்கள்

பச்சை உடம்புக்காரி தாங்கக்கூடியதாகக் கேரியர் இருக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு பக்கிள் கேரியரின் இடுப்புப் பட்டை தையலின் மேலேயே உட்காரும். பட்டையைத் தையலுக்கு மேலே, வயிற்றின் மேல்பாகத்தில் கட்டலாம். பிள்ளையும் உயரமாக வரும். ஸ்ட்ரெட்சி ராப், ரிங் ஸ்லிங் இரண்டிலும் அந்தத் தொல்லை குறைவு. எப்போது தொடங்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுகப்பிரசவம் என்றாலும் அடிவயிறு கனத்தால், உதிரம் கூடினால் நிறுத்தி ஓய்வெடுங்கள்.

வீட்டில் யார் யார் தூக்கப்போகிறார்கள் என்பதையும் முதலிலேயே யோசியுங்கள். ராப் எந்த உடம்புக்கும் பொருந்தும். ஒன்றே எல்லோருக்கும் போதும். ரிங் ஸ்லிங்கில் சில அளவு பார்த்துத் தைக்கப்பட்டவை. அப்பாவோ பாட்டியோ மாலை ஒரு மணி நேரம் பிள்ளையைக் கட்டிக்கொண்டால் அம்மா குளித்து, சாப்பிட்டு, ஒரு கண் தூங்கலாம். இதைவிடப் பெரிய உதவி அந்த மாதங்களில் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கடையில் சோதிக்க வேண்டியவை

பச்சைப் பிள்ளைக்குப் பருத்தியே நல்லது. உள்பக்கம் நைலான், தடித்த ஸ்பான்ஜ் வைத்தவை நம் வெயிலுக்கு ஆகாது. தோள்பட்டை தைத்த இடத்தை இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். இழை பிரிந்தால் வேண்டாம். பக்கிளைப் பத்து முறை பூட்டித் திறங்கள். லேபிளில் எடை வரம்பு, துவைக்கும் முறை, தயாரிப்பாளர் விவரம் இருக்க வேண்டும். பாதுகாப்புத் தரம் பார்த்தவை என்றால் அமெரிக்கத் தரத்துக்கு ஸ்லிங்கில் ஏ.எஸ்.டி.எம். எஃப்2907, பக்கிள் போன்ற கேரியரில் ஏ.எஸ்.டி.எம். எஃப்2236, ஐரோப்பியத் தரத்துக்கு இ.என். 13209-2 என்ற எண்களில் ஒன்று இருக்கும்.

பெரிய பிராண்டின் பெயரில் போலிகளும் விற்கின்றன. நம்ப முடியாத தள்ளுபடியில் வந்தால் சந்தேகப்படுங்கள். தெரிந்தவர் வீட்டில் பயன்படுத்திய கேரியர் கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். தையல், பக்கிள், எலாஸ்டிக் மூன்றையும் பார்த்துவிட்டு. வாங்கியதும் மென்மையான சோப்புத்தூளில் ஒருமுறை துவையுங்கள், கஞ்சி போட வேண்டாம். பிள்ளை துணியைச் சப்பும், சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும்.

முதல் முறை கட்டுவது

ஸ்ட்ரெட்சி ராப்பை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பிள்ளையோடு தொடங்க வேண்டாம். மூன்று கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி அதை வைத்துப் பழகுங்கள். கட்டிலுக்கு அருகில் நில்லுங்கள், இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. துணியின் நடுவைக் கண்டுபிடித்து (பெரும்பாலும் அங்கே லேபிள் இருக்கும்) நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையாக வையுங்கள். இரு முனைகளையும் கைகளுக்கு அடியில் முதுகுப்பக்கம் கொண்டுபோய், அங்கே குறுக்கே மாற்றி, எதிர்த்தோள் வழியாக முன்னால் இறக்குங்கள்.

2. இறக்கிய இரண்டையும் நெஞ்சுப் பட்டைக்கு உள்ளே, மேலிருந்து கீழாக விட்டு இழுங்கள். பட்டைக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மாற்றி, இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பனியன் உடம்போடு இருக்கிற அளவு இறுக்கம் வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தளர்வாகத்தான் கட்டுவார்கள். பிள்ளைக்கு வலிக்குமோ என்ற பயம். இந்தத் துணி இழுபடுவது என்பதால், கொஞ்சம் இறுக்கிக் கட்டினால்தான் பிள்ளையின் எடை விழுந்ததும் சரியாக நிற்கும்.

3. பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விட்டு, டயபர் மாற்றிவிட்டுத் தோளில் போடுங்கள். பசியில் அழும்போது முயன்றால் இருவருக்கும் அலுப்புதான். நெஞ்சில் குறுக்கே போகும் இரண்டு துணிகளில் உடம்பை ஒட்டியிருப்பதற்குள் ஒரு காலை விட்டு, துணியைப் புட்டத்தின் அடியில் முழங்கால் வரை விரியுங்கள். அடுத்த துணியில் மறு காலை விட்டு அதேபோல விரியுங்கள். ஒரு கை எப்போதும் பிள்ளையின் முதுகில் இருக்கட்டும்.

4. பிள்ளையின் இடுப்பைப் பிடித்து, முழங்கால் மேலே வரும்படி புட்டத்தை மெல்ல உங்கள் பக்கம் சாய்த்து உட்கார வையுங்கள். பிறகு நெஞ்சுப் பட்டையைப் புட்டத்திலிருந்து பிடரி வரை மேலே இழுத்து விரியுங்கள். பாதங்கள் வெளியே இருக்க வேண்டும்.

5. இனி சோதனை. முத்தம் கொடுத்துப் பாருங்கள். முகவாயின் கீழே விரலை விடுங்கள். மூக்கைச் சுற்றித் துணி இல்லையே என்று பாருங்கள். தலையில் ஒரு கை வைத்துக்கொண்டு முன்னால் கொஞ்சம் சாயுங்கள். பிள்ளை உங்கள் நெஞ்சிலிருந்து பிரிந்தால் துணி தளர்வு, அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் உட்காராதீர்கள், நடங்கள். முதல் இரண்டு நிமிடம் சிணுங்கினாலும், நடையின் ஆட்டத்திலும் நெஞ்சின் சூட்டிலும் பெரும்பாலான பிள்ளைகள் அடங்கிவிடும். கனடாவின் மாண்ட்ரியலில் நடந்து 1986இல் வெளியான ஆய்வு ஒன்றில், அழுதாலும் அழாவிட்டாலும் நாள்தோறும் கூடுதல் நேரம் தூக்கிவைக்கப்பட்ட குழந்தைகள், அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், மற்ற குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. 'தூக்கித் தூக்கிப் பழக்கிட்ட' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

முதல் நாள் 15, 20 நிமிடம் போதும். பிள்ளை தூங்கினாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தைப் பாருங்கள்: உதட்டு நிறம், மூச்சு, முகவாய். முனகலோ கொர்கொர் சத்தமோ கேட்டால் உடனே வெளியே எடுத்து, தலையை நிமிர்த்தி, நிலை சரிசெய்யுங்கள். துணிக்குள் வைத்தே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் மறக்காமல் பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்குங்கள். மார்பிலேயே படுத்துத் தூங்கவிடக் கூடாது.

வெயிலில்

நீங்களும் பிள்ளையும் ஒருவர் மீது ஒருவர் போட்ட போர்வை மாதிரிதான். கேரியர் துணியையும் ஒரு உடையாகக் கணக்கு வைத்து, பிள்ளைக்கு ஒரு அடுக்கு குறைத்துப் போடுங்கள். சித்திரை, வைகாசியில் டயபரோ மெல்லிய ஜப்லாவோ போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்து ஈரமாக இருந்தால் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். வெளியே போனால் முகத்தைத் துப்பட்டாவால் மூடாதீர்கள், குடை பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டியிருக்கும்போது செய்யக் கூடாதவை

அடுப்படி வேண்டாம். கடுகு வெடித்தாலே போதும். காய் நறுக்குவதும், சூடான காபி குடிப்பதும் பிள்ளையை இறக்கிய பிறகு. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்காருங்கள். கண் சொக்கினால் சோபாவில் சாயாதீர்கள். பிள்ளையை அவிழ்த்துத் தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுத் தூங்குங்கள்.

டூ வீலர் கூடவே கூடாது. கேரியரில் கட்டிக்கொண்டு பின்சீட்டில் போவதைத் தெருவில் தினமும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. திடீர் பிரேக்கில் உங்கள் உடம்பின் முழு எடையும் பிள்ளையின் மேல்தான் விழும். 2022இல் அறிவிக்கப்பட்ட மோட்டார் வாகன விதி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கே ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் போகச் சொல்கிறது. பச்சைப் பிள்ளைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டே கிடையாது. காரிலும் கேரியர் கார் சீட்டுக்கு ஈடாகாது.

எப்போது மாற்றுவது?

பிள்ளை துணியை உதைத்துத் தள்ளி, திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கும்போது, அல்லது கட்டிய அரை மணியில் ராப் தொய்ந்து பிள்ளை இறங்கும்போது அடுத்த கேரியருக்கு நேரம் வந்துவிட்டது. கழுத்து நன்றாக நின்றதும் ரிங் ஸ்லிங்கிலேயே இடுப்புக்கு மாற்றலாம். நம் கைக்குப் பழகிய இடம் அதுதான். என் மகனுக்கு ஐந்தாம் மாதம் எடை 6.8 கிலோ. அலமாரியில் கிடந்த அந்த பக்கிள் கேரியரை எடுத்துத் துவைத்து, உறவினருக்கு ஒரு போட்டோ அனுப்பினோம். இந்தத் தடவை முழங்கால் வரை இருக்கை சரியாக வந்தது. அவன் அப்பா அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் பத்துச் சுற்று நடந்தார். இறங்கி வரும்போது இருவருமே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.